ரெண்டு பேர், ஒரே ஒரு நாள்: குருநகரா, வடமராட்சியா, தீவகமா?

"அண்ணை, நானும் அவவும் யாழ்ப்பாணம் வாறம், சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு, கோயில், கல்யாணவீடு எல்லாம் போக ஒரு நாள்தான் எங்களுக்கெண்டு மிஞ்சும், மீன்பிடிக்கிற ஊர் ஒண்டும் பாக்கவேணும், பனை ஓலை மாதிரிக் கைவேலை செய்யிற ஆக்களையும் பாக்கவேணும், எங்க போறது?" இந்த வருசம் மட்டும் நாலு சோடி என்னட்ட இதைக் கேட்டிட்டினம். ஒவ்வொருத்தருக்கும் போனில அரை மணித்தியாலம் சொல்லுறதை விட ஒருக்கா எழுதி வைச்சா எல்லாருக்கும் உதவும் எண்டு நினைச்சன். நான் இருக்கிறது டவுனுக்குக் கிட்ட, மனுசி வடமராட்சி, அதால அந்தப் பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருக்கும், அதை முதலே சொல்லிடுறன்.

இடத்துக்கு முதல் யோசிக்க வேண்டியது

எத்தினை மணிக்கு எழும்புவியள்? இதுதான் முதல் கேள்வி. மீன்பிடி ஊரெண்டது விடியக்காலமை ஊர். அஞ்சரை ஆறுக்குத் துறையில நிண்டா வள்ளம் வாறது, வலை இறக்கிறது, மீன் கூறுறது (ஏலம் விடுறது) எல்லாம் காணலாம், பத்து மணிக்குப் போனா காயுற வலையும் கட்டி வைச்ச வள்ளமும்தான் இருக்கும். நாங்கள் கல்யாணம் கட்டின புதுசில பத்தரைக்குப் போய் நிண்டம், ஒரு ஐயா மட்டும் நிழலுக்கை இருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தார், "தம்பி, எல்லாம் முடிஞ்சுது, நாளைக்கு வெள்ளண வாங்கோ" எண்டார், எங்களுக்கு நாளைக்கு இல்லை, அண்டைக்குப் பின்னேரம் பஸ். அந்தக் கவலை இண்டைக்கும் இருக்கு.

ரெண்டாவது காத்து. வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் சோளகம் (தென்மேல் காத்து), அப்ப வடக்குக் கரை, அதாவது வடமராட்சிப் பக்கம், அமைதியா இருக்கும். கார்த்திகை, மார்கழி, தை வாடைக்காத்து, வடக்குக் கடல் கொந்தளிக்கும், கன வள்ளம் இறங்காது, ஆனா குருநகர் பாசையூர் பரவைக்கடல் ஓரளவு வேலை செய்துகொண்டே இருக்கும். உங்கட லீவு எந்த மாதம் எண்டதே பாதி முடிவை எடுத்துப் போடும்.

மூண்டாவது கிழமை. ஞாயிறு கத்தோலிக்கச் சனம் பூசைக்குப் போறதால குருநகர், பாசையூர்த் துறை அடங்கிப்போய் இருக்கும். திங்கள், புதன், சனி இந்திய இழுவைப்படகு வாற நாள் எண்டு இஞ்சத்தைய ஆக்கள் கணக்கு வைச்சிருக்கினம், வலை அறுந்து போகுமெண்ட பயத்தில அந்த இரவுகளில வலை போடாத ஆக்கள் கனபேர், அடுத்த நாள் விடிய துறையும் மெலிஞ்சிருக்கும். தமிழ்நாட்டில மீன்பிடித் தடை இருக்கிற ஏப்ரல் 15 தொடக்கம் யூன் 14 மட்டும் வந்தீங்கள் எண்டா நல்ல காலம், எங்கட ஆக்கள் பயமில்லாமல் கடலுக்குப் போவினம், மீனும் முகமும் ரெண்டும் நல்லா இருக்கும்.

நாலாவது, இதை ஆம்பிளையள் யோசிக்கிறேல்லை: ரொய்லட்டும் நிழலும். கடற்கரை ஊரில பொது ரொய்லட்டை நம்பிப் போகாதேங்கோ. விடிய வெளிக்கிட்டுப் பதினொண்டு மணி மட்டும் தண்ணி குடிக்காமல் அடக்கிக்கொண்டு திரியிற மனுசிக்கு அந்த நாள் சந்தோசமா இராது.

கடைசியா, கைவேலையைப் "பாக்க"ப் போறீங்களோ "இருக்க"ப் போறீங்களோ எண்டு ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ. பத்து நிமிசம் பாத்துப் போட்டோ எடுத்து ஒரு பெட்டி வாங்கிறது ஒரு விதம். ரெண்டு மணித்தியாலம் பாயில இருந்து நீங்களும் ஓலை பிடிச்சுப் பாக்கிறது வேற விதம். நான் ரெண்டாவது ஆள்.

1. குருநகர், பாசையூர், பேந்து கைதடி

பஸ் ஸ்ராண்டில இருந்து குருநகருக்கு ஓட்டோவில பத்து நிமிசம், பாசையூர் அதுக்கு அங்கால. ரெண்டிலயும் துறையும் கோயிலும் ஒண்டோட ஒண்டு ஒட்டின மாதிரி, குருநகரில யாகப்பர், பாசையூரில அந்தோனியார், யூன் 13 அந்தோனியார் திருநாளுக்கு வந்தா ஊர் வேற நிறம். கடல் ஆழமில்லாத பரவைக்கடல், இடுப்பளவு தண்ணியில ஆக்கள் நடந்து போய்ச் சிறகுவலை பாக்கிறதைக் கரையில நிண்டே காணலாம்.

விடிய வள்ளம் வந்த உடன மீன் கூறத் தொடங்குவினம். கூறுறவர் சொல்லுற வேகத்துக்கு விலை எங்க நிக்குதெண்டு முதல் நாள் பாக்கிற ஆளுக்கு விளங்காது, ஒரு ஓரமா நிண்டு வாங்கிற ஆக்களின்ர கண்ணைப் பாருங்கோ, தலையை ஆட்டுறதிலயும் விரலைத் தூக்கிறதிலயும்தான் ஏவாரம் நடக்கும். நடுவுக்கை போய் போன் பிடிக்காதேங்கோ, அது அவையின்ர அண்டைய சம்பளம்.

எனக்குப் பிடிச்சது நண்டு கழட்டுற இடம். பொம்பிளையள் வலையைத் தொடைக்கு மேல போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியா விலக்கி நண்டை எடுப்பினம், கால் முறிஞ்சா விலை விழும், அதால இழுக்கக் கூடாது, நண்டு எந்தப் பக்கத்தால வலைக்குள்ள போச்சோ அந்தப் பக்கத்தாலயே திருப்பி எடுக்கவேணும். என்ர மனுசி குந்தியிருந்து பாத்துக்கொண்டிருக்க, ஒரு அக்கா வலைத் தொங்கலைக் குடுத்து "பிள்ளை, நீரும் ஒண்டு கழட்டிப் பாருமன்" எண்டா. இவவுக்கு ஒரு நண்டுக்குப் பத்து நிமிசம் போச்சுது, அதுக்குள்ள அக்கா ஆறேழு முடிச்சிட்டா, பேச்சும் நிக்கேல்லை கையும் நிக்கேல்லை.

எட்டரைக்குக் காலமைச் சாப்பாடு டவுனில முடிச்சு, ஏ9 றோட்டால கைதடி. பனை ஆராய்ச்சி நிலையம் அங்கதான் இருக்கு, ஆனா அது அரச இடம், கிழமை நாளில, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போறதுதான் சரி. பனை அபிவிருத்திச் சபை 1978 இல வந்தது, அதின்ர "கற்பகம்" விற்பனை நிலையத்திலயும் சாமான் வாங்கலாம். ஆனா வேலையைப் பாக்கிறதெண்டா ஒரு வீட்டுத் திண்ணைதான் நல்லது. நாங்கள் ஒரு தெரிஞ்ச ஆள் மூலம் கைதடிப் பக்கம் ஒரு ஆச்சி வீட்டை போனம். குருத்தோலையை வெய்யிலிலயும் பனியிலயும் போட்டு வெளுக்க விட்டிருந்தா, ஈர்க்கைக் கிழிச்சு எடுத்து, சின்னக் கத்தியால ஒரே அகலத்துக்கு வார்ந்து, சிலதைச் சாயத்தில அவிச்சு. நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கிற கூம்புப் பெட்டி) பின்னுறது லேசெண்டு நினைச்சன், அடிக்கூம்பு பிடிபட எனக்கு ஒரு மணித்தியாலம் காணாமல் போச்சுது. கடகத்தின்ர விளிம்புக்கு மட்டை நார் வைச்சு "இதைப் பொத்தினாத்தான் பாரம் தாங்கும்" எண்டு ஆச்சி சொல்ல, மனுசி என்னைப் பாத்தா, அண்டைக்குத் துறையில அந்த ஐயா வலைக்குச் சொன்னதும் இதே சொல்தான். கடல் வேலைக்கும் பனை வேலைக்கும் ஒரே சொல்லெண்டு எனக்கு அது மட்டும் தெரியாது.

மறைஞ்ச செலவு: ஓட்டோ நிண்டு காத்திருக்கிற காசு, ஏறுறதுக்கு முதலே முழு நாளுக்கும் சேத்துப் பேசுங்கோ. எங்களிட்டை ஒருக்கா இறங்கிற நேரம் பேசினதை விடக் கூடக் கேட்டு அண்டைய நல்ல மனநிலையே கெட்டுப்போச்சுது. துறை சேறும் மீன் தண்ணியும், நல்ல செருப்புப் போடாதேங்கோ. கூறுற இடத்தில விலையைப் பாத்து ஆசையில நண்டு வாங்கிற ஆக்கள் இருக்கினம், தங்கிற இடத்தில சமைக்க விடுவினமோ எண்டு முதல்நாளே கேளுங்கோ.

2. வடமராட்சி: வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, மணற்காடு

கதை வேணுமெண்டா இதுதான். வல்வெட்டித்துறை ஆக்கள் மீன் பிடிச்ச ஆக்கள் மட்டும் இல்லை, பாய்க்கப்பல் கட்டி ஓட்டின ஆக்கள். அங்க கட்டின அன்னபூரணி 1938 இல அமெரிக்காவில மசாசுசெற்ஸில இருக்கிற குளொஸ்ரர் துறைமுகம் மட்டும் போய்ச் சேர்ந்தது, ஓட்டிக்கொண்டு போனது வல்வெட்டித்துறை மாலுமியள். இப்ப கப்பல் கட்டுறேல்லை, கட்டுற இடத்தைக் காணுவம் எண்டு போனா ஏமாறுவியள். ஆனா கரையில நிண்டு அந்தத் தண்ணியைப் பாக்கேக்கை, இந்தக் கடலடிப் பார் கல்லுக்குள்ளால கப்பலை எப்பிடி வெளிய எடுத்தவை எண்டு ஒரு கேள்வி வரும், அதைக் கேட்டா வயது போன ஆக்கள் இருந்து கதைப்பினம். தைப்பொங்கல் பின்னேரம் எண்டா பட்டப் போட்டி, அதுக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கலாம், ஒரு ஆள் உயரத்துக்கு மேல பட்டம் கட்டிக்கொண்டு வருவினம், அதுவும் கைவேலைதான்.

பருத்தித்துறையில தெருமூடி மடம் ஒருக்கா நிண்டு பாருங்கோ, றோட்டுக்கு மேலயே கூரை போட்ட பழைய மடம், நடந்து போற ஆக்கள் இளைப்பாறக் கட்டினது, சந்தைக்குப் போற வண்டில் அதுக்குள்ளாலதான் போனது. ஓடக்கரைத் தோசை, தட்டை வடை வாங்காமல் திரும்பினா என்ர மாமி கோவிப்பா. (வடை பயணத்துக்குத் தாங்கும், ரெண்டு பை கூட வாங்குங்கோ.)

மணற்காடு தனி. மணலுக்குள்ள புதைஞ்சு சுவர் மட்டும் நிக்கிற பழைய அந்தோனியார் கோயில், சவுக்கங்காடு, மணல் மேடு. கரைவலை இழுக்கிற நாளா இருந்தா அதிர்ஷ்டம். முந்தி இழுக்கேக்கை அம்பாப் பாட்டுப் பாடுவினம், இப்ப கன இடத்தில ட்ரக்ரரில வின்ச் பூட்டித்தான் இழுக்கினம், பாட்டுக் கேக்க வாறம் எண்டு போகாதேங்கோ. எண்டாலும் கடைசியில மடிவலை கரைக்கு வாற நேரம் எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்குவினம், சின்னப் பெடியள் துள்ளுற மீனைப் பொறுக்குவினம், அது மாறேல்லை.

கைவேலை எண்டு பாத்தா இந்தப் பக்கம் தேடவேணும். பனை ஓலை வேலை வீடுகளுக்கை இருக்கு, பேர்ப்பலகை போட்ட இடமில்லை. கோயில் வாகனம், தேர் செய்யிற சிற்பாலயம் பாக்க விருப்பமெண்டா கொடியேத்தத்துக்கு ரெண்டு மூண்டு மாதத்துக்கு முதல் ஏதாவது ஊர்க்கோயில் ஐயரிட்ட கேளுங்கோ, எங்க வேலை நடக்குதெண்டு அவருக்குத் தெரியும், அது வடமராட்சி எண்டில்லை, யாழ்ப்பாணம் முழுக்க.

மறைஞ்ச செலவு: தூரம். டவுனில இருந்து பருத்தித்துறை 35 கிலோமீற்றர் மட்டில, மணற்காடு இன்னும் அங்கால. விடிய துறையில நிக்கவேணுமெண்டா நாலரைக்கு வெளிக்கிடவேணும், இல்லாட்டி முதல்நாள் இரவு அங்கேயே தங்கவேணும், அந்த லொட்ஜ் காசு கணக்கில வராது. 750 பஸ் மலிவுதான், ஆனா மணற்காட்டுக்கை உள்ளுக்குப் போக வாகனம் வேணும். மோட்டச்சைக்கிள் எண்டா பின்னுக்கு இருக்கிறவவுக்கும் ஹெல்மெட் கட்டாயம், வாடகைக்கு எடுக்கேக்கை ரெண்டு ஹெல்மெட் கேட்டு வாங்குங்கோ. மத்தியான வெய்யிலில மணல்மேட்டில நிண்டா தலையிடி நிச்சயம்.

3. தீவகம் சுத்தி: ஊர்காவற்றுறை, காரைநகர், ஆனைக்கோட்டை

பண்ணைப் பாலத்தால வெளிக்கிட்டு வேலணை, ஊர்காவற்றுறை, அங்க இருந்து பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் கடலுக்கு அங்கால ஏத்திற மிதவையில) ஏறிக் காரைநகர், பேந்து பொன்னாலைப் பாலம், சங்கானை, மானிப்பாய், ஆனைக்கோட்டையால டவுன். ஒரு வட்டம், போன வழியால திரும்பி வாறேல்லை, 50 கிலோமீற்றர் மட்டில. புதுசாக் கல்யாணம் கட்டின ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது இது, ஏனெண்டா ரெண்டு பக்கமும் தண்ணியா இருக்கிற பாலத்தில விடியக்காலமை ஸ்கூட்டியில போறது மாதிரி வேற இல்லை.

ஊர்காவற்றுறையில இருந்து போத்துக்கீசர் காலத்தில யானை கப்பலேத்தினவை, வெளிநாட்டுக்காரர் சொல்லுற "கயிற்ஸ்" எண்ட பேரே அந்த யானைத் துறையில இருந்து வந்தது எண்டுதான் சொல்லுறது. பாதையில நிண்டா கடலுக்கு நடுவில கடற்கோட்டை தெரியும். காரைநகரில நோர்வே ஆக்களின்ர உதவியோட தொடங்கின சீநோர் வள்ளம் கட்டுற இடம் இருந்தது, அதே சீநோருக்குக் குருநகரில வலைத் தொழிற்சாலை, மரவள்ளம் ஃபைபர் வள்ளமா மாறின கதையில இந்த ஊருக்குப் பெரிய பங்கு. உள்ளுக்குப் போய்ப் பாக்க அனுமதி வேணும், கிடைக்குமெண்டு நம்பிப் போகாதேங்கோ. நண்டு, கணவாய் சாப்பிட நல்ல பக்கம்.

திரும்பி வரேக்கை ஆனைக்கோட்டை. பழைய காலத்து முத்திரை மோதிரம் ஒண்டு 1980 இல இஞ்சதான் எடுத்தவை, ஆனா வீட்டுச் சனத்துக்கு ஆனைக்கோட்டை எண்டா நல்லெண்ணெய். மாடு சுத்தின செக்கு இப்ப மெசின், எண்டாலும் எள்ளு அரைபடுற மணம் றோட்டு மட்டும் வரும், கடைசி நேரம் பனங்கட்டி போடுறதை நிண்டு பாத்து ஒரு போத்தில் வாங்கலாம்.

மறைஞ்ச செலவு: பாதை ஓடாத நாளும் இருக்கு, காத்துக் கூடினாலும் நிப்பாட்டுவினம், அப்ப வந்த வழியாலதான் திரும்பவேணும், நாள் பாதி போகும். முதல்நாளே ஊர்காவற்றுறை ஆக்கள் ஆரிட்டையும் போன் அடிச்சுக் கேளுங்கோ.

நெடுந்தீவு?

ஒரே நாளில கடலோர ஊரும் கைவேலையும் எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லமாட்டன். குறிகாட்டுவானுக்கு 776 பஸ், அங்க இருந்து வள்ளத்தில ஒரு மணித்தியாலம், திரும்பிற வள்ளத்துக்கு நேரம் பாத்துக்கொண்டே இருக்கவேணும். பவளக்கல் வேலியும் குதிரையும் பெருக்குமரமும் ஒரு இரவு தங்கிப் பாக்கவேண்டிய சாமான்.

ஒரு பார்வைக்கு

| | குருநகர் + கைதடி | வடமராட்சி | தீவகச் சுத்து |
|---|---|---|---|
| வெளிக்கிடுற நேரம் | விடிய 5.30 | விடிய 4.30 | விடிய 6 |
| துறை வேலை | மிக நல்லம் | காத்தைப் பொறுத்து | பறவாயில்லை |
| கைவேலை | மிக நல்லம் | தேடவேணும் | எண்ணெய் மட்டும் நிச்சயம் |
| பழைய கதை | கொஞ்சம் | கனக்க | ஓரளவு |
| செலவு | குறைவு | கூட | நடுத்தரம் |
| கவிழ்க்கிறது | ஞாயிற்றுக்கிழமை | வாடைக்காத்து | பாதை ஓடாட்டி |

அப்ப ஆருக்கு எது

வெளிநாட்டில பிறந்து வளந்த துணையோட வாற ஆக்கள், வெய்யில் தாங்காத ஆக்கள், வயித்தில பிள்ளையோட இருக்கிறவ, இவைக்கு ஒண்டாவது. எந்த நேரமும் கெதியா அறைக்குத் திரும்பலாம், அது பெரிய நிம்மதி. கைவேலையில உண்மையா ஆர்வமெண்டாலும் இதுதான்.

ரெண்டு பேரில ஒராளுக்கு வடமராட்சி வேர் எண்டா யோசிக்கத் தேவையில்லை, போங்கோ, பாட்டனின்ர வீடு இருந்த ஒழுங்கையைப் பாத்திட்டுக் கடற்கரைக்கு வாற நாளுக்கு வேற எதையும் ஒப்பிடேலாது. வேர் இல்லாட்டியும் சோளகக் காலத்தில வந்தா போகலாம். மார்கழியில வந்து கேட்டா வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், மனுசி வீட்டுக்காரர் கோவிச்சாலும்.

தனிய ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு ஓடவேணும், இடம் ஒரு சாட்டு எண்டா மூண்டாவது.

சில பேர் மயிலிட்டியைச் சேக்கலாமோ எண்டு கேக்கினம். 1990 இல சண்டையால இடம்பெயர்ந்த சனத்துக்கு 2017 இலதான் அந்தத் துறை திரும்பக் கிடைச்சது, 27 வருசம். போகலாம், மீன் வாங்கலாம், ஆனா இடிஞ்ச வீடுகளுக்கு முன்னால நிண்டு சோடியாப் போட்டோ எடுக்காதேங்கோ, அந்த வீட்டுக்காரர் பக்கத்து வளவில நிக்கக்கூடும்.

எதுக்குப் போனாலும் கைவேலை வீட்டுக்கு வெறுங்கையோட போகாதேங்கோ, ஒரு பைக்கற் பிஸ்கற்றோ வாழைப்பழமோ. விலை பேசாதேங்கோ, ஒரு கடகத்துக்கு ஓலை வெட்டி, காயப்போட்டு, வார்ந்து, பின்னி, பொத்த எத்தினை நாள் போகுதெண்டு பாத்த பிறகு உங்களுக்கே வாய் வராது. நேரம் எடுத்துச் சொல்லித் தந்தவைக்கு வாங்கிற சாமானுக்கு மேல தனியக் காசு குடுங்கோ, அதைச் செலவுக் கணக்கில முதலே எழுதுங்கோ. பெரிய கடகம் சூட்கேசுக்குள்ள போகாது, நசிஞ்சா பேந்து நிமிராது, கொட்டப்பெட்டி, சின்னச் சுளகு, நீத்துப்பெட்டி இதுகள்தான் பயணத்துக்குச் சரி. அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு போறதெண்டா எயார்ப்போட்டில கட்டாயம் அறிவிக்கவேணும், ஓலை தாவரப் பொருள். பனங்கிழங்கு தை மாசியில, பனம்பழம் ஆடி ஆவணியில, அந்தந்த மாதத்தில வந்தா கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கோ.

கடைசியாக் கேட்ட தம்பி சித்திரைக் கடைசியில வாறான், அவன்ர மனுசி கொழும்பில வளந்த பிள்ளை, ஓலை வேலை பழகவேணும் எண்டு அவதான் கேட்டவ. கைதடி ஆச்சிக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை விடிய அஞ்சரைக்குக் குருநகருக்கு ஓட்டோவும் பேசியாச்சு, நிண்டு காக்கிற காசும் சேத்து.